லயக் கூரையில் ஒரு துவாரம்

தன் கையாலேயே வீட்டைத் திருத்துதல், அடுப்புக் கட்டுதல், விளக்குச் செய்தல் முதலியன பற்றி எழுதப்பட்ட நூல்கள் பலவுண்டு. அவை யாவும் ஓர் எடுகோளைச் சொல்லாமலே உட்கொண்டுள்ளன. திருத்த முனைவோனுக்குச் சொந்தமாக ஒரு வீடு உண்டு என்பதே அவ்வெடுகோள். சுவரிலே துளையிடுக, கூரையிலே கண்ணாடி பதிக்குக என அந்நூல்கள் பணிக்கும்போது, அந்தச் சுவர் எவருடையது என்னும் வினா அவற்றில் எழுவதேயில்லை. அப்புத்தளை மலைத்தொடரின் இருமருங்கும் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களின் லயங்களிலோ, அந்த வினாவே முதலில் வந்து நிற்கின்றது. அங்கு அடுப்புப் புகை வெளியேறுவதற்குக் கூரையில் ஒன்பது அங்குலத் துவாரம் ஒன்று இடுவதுங்கூடத் தொழினுட்பப் பிரச்சினை மாத்திரமன்று.

அப்புத்தளை நகரம் ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில், மலைமுகடு ஒன்றன் மேல் ஏறியமர்ந்தாற்போல் அமைந்தது. ஒரு பக்கத்தே ஊவாவின் பள்ளத்தாக்குகள். மறுபக்கத்தே திடீரெனச் சரிந்து தென்சமவெளி. ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையில் வடகீழ்ப் பருவமழையும் மூடுபனியும் மாறிமாறி வரும். ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரையிற் கச்சான் வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிமணம் தேடித் தருவது அந்த வரண்ட காற்றே. லயத்துத் தகரங்களைப் பெயர்த்தெறிவதும் அதுவே. கூரைகளின் மேல் வரிசையாக வைக்கப்பட்ட கற்களையும் மண் நிரப்பிய உரப்பைகளையும் புகையிரதத்திலிருந்து பார்க்கும் உல்லாசப் பிரயாணி அவற்றை ஏதோ விநோதமென்றே கொள்வான். காற்றின் தூக்கு விசைக்கு எதிராகப் பாரத்தை வைக்கும் அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் பௌதிகம் படித்தவர்களல்லர்.

லயக் காம்பரா ஒன்றின் அளவு பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஓர் இஸ்தோப்பு. கோப்பிக் காலத்தில் மண்ணாலும் புல்லாலும் எழுந்த லயங்கள் தேயிலைக் காலத்திற் கல்லாகவும் தகரமாகவும் மாறினவாயினும், திட்டம் மாறவில்லை. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களிற் பின்சுவருக்குச் சாளரம் வைக்க இடமேயில்லை. புகைபோக்கி என்பது அத்திட்டத்திலே ஒருபோதும் இடம்பெற்றதில்லை. இதனை அக்காலத்து அறியாமை என்று தள்ளிவிடுதல் இயலாது. நகரிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில், 1931ஆம் ஆண்டில், தோமஸ் வில்லியர்ஸ் என்னும் துரை ஆங்கில நாட்டுப்புற மாளிகையின் பாணியிலே எழுப்பிய அடிஷம் பங்களா இன்றும் நிற்கின்றது. அங்கே கணப்பு அடுப்புகளும் அவற்றுக்குரிய கற்புகைபோக்கிகளும் உண்டு. புகை மேலெழும், அதற்கு வழிவிட வேண்டும் என்பது அந்த மலையிலே யாவரும் அறிந்த உண்மையாகவே இருந்தது. எவருடைய புகைக்கு வழிவிடுவது என்பதிலேதான் வேறுபாடு.

தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளுக்குச் சென்றது. காம்பராவிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர் அக்காம்பராவின் உடைமையாளர் ஆகவில்லை. இஸ்தோப்பைப் பலகையால் அடைத்து ஓர் அறையாக்குவதற்கும், பக்கத்திலே தகரக் குசினி ஒன்று இறக்குவதற்கும் நிருவாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதியின்றிக் கட்டியது எந்நேரமும் பிடுங்கப்படலாம். பிடுங்கப்படக் கூடியதிற் பணத்தையும் உழைப்பையும் எவர் இடுவர்? ஆகவேதான் லயத்து மக்களின் கைவேலை யாவும் கழற்றிக்கொண்டு போகத்தக்கதாக, தற்காலிகமானதாகவே இருந்து வந்துள்ளது. உரப்பைகளைத் தைத்துக் கூரையின் கீழ் விரித்த மேற்கட்டி, பழைய பீப்பாயை வெட்டிய தகரக்கதவு, பீலியிலிருந்து இறப்பர்க் குழாயால் இறக்கிய தண்ணீர் ஆகியவற்றையெல்லாம் ‘நாகரிகமின்மை’ என்று காண்போர், அவற்றிலுள்ள கணக்கைக் காணாதவர்.

இத்தகைய நிலையில் எவரிடமும் அனுமதி கேளாமற் செய்யத்தக்க முதல் வேலை அடுப்பு. மூன்று கல் அடுப்பிலே விறகின் வெப்பத்திற் பெரும்பகுதி பானையைத் தொடாமலே பக்கங்களால் ஓடிவிடுகின்றது. சுவாலையைச் சுற்றிக் குளிர்காற்று தடையின்றிப் பாய்வதால், விறகிலிருந்து எழும் ஆவிகள் முற்றாக எரியுமுன் குளிர்ந்து புகையாகின்றன. புகை என்பது எரியாது தப்பிய விறகு. இதைச் சமையலறையில் உணர்த்திவிட்டால் பாதி வேலை முடிந்தது எனலாம். ஏனெனில், கண்ணெரிச்சலைச் சகித்துப் பழகிய தாய்மார் விறகு வீணாவதைச் சகிப்பதில்லை.

இலங்கையில் எண்பதுகளிலே, இடைநிலைத் தொழினுட்ப அபிவிருத்திக் குழுவும் இலங்கை மின்சார சபையும் மட்பாண்டத் தொழிலாளருடன் கூடி உருவாக்கிய ‘அனகி’ அடுப்பு, மேற்கூறிய குறைக்கு விடையாக வந்தது. சுட்ட களிமண்ணாலான ஒரே துண்டு. இரண்டு பானைகளுக்கு இடம். முன்பானையைச் சுட்ட வெப்ப வாயு உள்வழியாகச் சென்று பின்பானையையும் சூடாக்கும். மூன்று கல் அடுப்போடு ஒப்பிட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு விறகு மிஞ்சும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணிப்பு. சோறு முன்னடுப்பிலும் கறி பின்னடுப்பிலுமாக ஒரே நேரத்திற் கொதிப்பது, விடியுமுன் எழுந்து பிரட்டுக்குப் புறப்படவேண்டிய பெண்ணுக்கு விறகைக் காட்டிலும் பெரிய மிச்சம்.

இவ்வடுப்பை வாங்கி அப்படியே நிலத்தில் வைத்து எரிப்பவர் அதன் பயனிற் பாதியை இழப்பர். சுட்ட மண்ணின் கனம் குறைவு. வெப்பம் அதன் வழியே கசியும், ஓடும் விரைவில் வெடிக்கும். சமதளமான மேடையில் அதனை வைத்து, களிமண்ணும் மணலும் வைக்கோலும் குழைத்த சேற்றால், விறகு செல்லும் வாயும் பானைகள் அமரும் விளிம்புகளும் மாத்திரம் வெளியே தெரியும்படி, இரண்டங்குலத்துக்கு மேற்பட்ட தடிப்பில் மூடுதல் வேண்டும். மலையிலே வைக்கோல் அரிது. காய்ந்த மானாப்புல்லை விரலளவு நறுக்கிச் சேர்த்தாலும் வெடிப்பைத் தடுக்கும். சேறு முழுதும் காயும்வரை பெருந்தீ மூட்டலாகாது. அப்புத்தளை மூடுபனியில் அதற்கு ஒரு வாரத்துக்கு மேலும் செல்லலாம். அவசரப்பட்டால் வெடிப்பு நிச்சயம். வெடித்தவிடத்து அதே சேற்றைப் பூசுவதன்றி வேறு வைத்தியமில்லை. பின்பானை அதன் தாங்கிகளின் மேலேயே இருக்கவேண்டும். ஆட்டம் தீரவேண்டுமென்று அந்த இடைவெளியைச் சேற்றால் அடைப்பவர் உண்டு. அடைத்தால் வாயுவுக்குப் போக்கிடமில்லாமல் முன்வாயாற் புகை திரும்பி வரும்.

இனி விறகு. பச்சை மரத்தின் நிறையிற் செம்பாதியளவு நீரேயாகும். அந்நீரை ஆவியாக்குவதற்குச் செலவாகும் வெப்பம் சோற்றுக்கு உதவாது. தோட்டத்திற் கிடைப்பவை கவ்வாத்து வெட்டிய மிலாறு, சவுக்குக் கிளை, டர்பன்டைன் விறகு முதலியன. மிலாறு சிறிதாகையால் விரைவிற் காயும், விரைவில் எரியும். பருத்த டர்பன்டைன் கட்டையோ, பிளக்காவிடின் மழைக்காலம் முழுவதும் உள்ளே ஈரமாகவே கிடக்கும். கச்சான் மாதங்களிலேயே அதனை இரு விரற்கனத்துக்குப் பிளந்து, இறவாரத்தின் கீழே காற்றுப் போகும்படி குறுக்குநெடுக்காக அடுக்கிவைத்தல் நன்று. அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகை உலர்த்தும் வழக்கம் சிறந்ததே. ஆயின், தகரக்கூரையும் பலகைத் தடுப்பும் பொதுவாகவுள்ள லயத்திலே, பரணில் ஒரு பொறி விழுந்தால் எரிவது ஒரு காம்பரா மாத்திரமன்று, வரிசை முழுவதுமாகும். பரணுக்கும் பானைக்கும் இடையே ஆளுயரம் இருக்கட்டும்; அதன் அடியில் ஒரு தகரத்தை அறைந்துவிடுதல் மேலும் பாதுகாப்பு.

பல்கலைக்கழகத்து இரசாயன, பௌதிக மாணவருக்கு இவ்விடத்தே ஓர் எளிய பயிற்சி உண்டு. விறகைத் தராசில் நிறுத்து, அளந்த நீரை ஒரே பானையிற் கொதிக்கவைத்து, மிஞ்சிய விறகையும் கரியையும் மீண்டும் நிறுத்தால், அடுப்பின் வினைத்திறன் வந்துவிடும். பரிசோதனைச்சாலையில் வெப்பவியல் பயின்று சிறப்புச் சித்தி பெற்றவர் பலர் தம் தாயின் அடுப்பை ஒருமுறையேனும் அளந்து பார்த்ததில்லை என்பது நமது கல்வியைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்கின்றது.

அனகி அடுப்பு விறகைக் குறைக்கும். அதனாற் புகையும் ஓரளவு குறையும். ஆனால் அதற்குப் புகைபோக்கி இல்லை. எஞ்சிய புகை காம்பராவுக்குள்ளேயே நிற்கின்றது. விறகுப் புகையின் நுண்துகள்கள் நுரையீரலின் அடியாழம் வரை செல்வன என்பதும், அடுப்படியிற் பல்லாண்டு இருந்த பெண்களிடம் நாட்பட்ட சுவாச நோய்கள் மிகுதியாகக் காணப்படுவதும், குழந்தைகளின் நிமோனியாவுக்கு அது ஒரு காரணமாவதும் இன்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டவை. ஆகவே புகையை வெளியேற்றும் பிரச்சினை வேறாகவே தீர்க்கப்படல் வேண்டும்.

இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. இந்தியாவில் ஐம்பதுகளிலேயே ஐதராபாத்தின் பொறியியல் ஆய்வுகூடத்தில் எஸ். பி. ராஜூ புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்பை அமைத்தார். எண்பதுகளில் இந்திய அரசு நாடளாவிய திட்டமாகவே அடுப்புகளைப் பரப்பியது. அவற்றுட் பல சில ஆண்டுகளுக்குள் கைவிடப்பட்டன. குழாயிற் படிந்த கரியை எவரும் துடைக்கவில்லை. அடுப்பின் வாய் வீட்டுப் பானைக்குப் பொருந்தவில்லை. சமைப்பவளிடம் கேளாது அடுப்பு வகுத்ததன் விளைவு அது. கென்யாவின் மேற்குப் பகுதியிலும் காஜியாடோவின் மசாய் வீடுகளிலும் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வேறொரு வழி தேடப்பட்டது. அடுப்பிற் கைவையாமல், அதற்கு மேலே தகரத்தாலான புகைக்கூடு ஒன்றைத் தொங்கவிட்டு, அகன்ற குழாயாற் கூரைக்கு வெளியே புகையை விடுவது அவ்வழி. பெண்களோடு இருந்து, அவர்கள் சொல்லச்சொல்ல உயரத்தையும் அகலத்தையும் மாற்றி அமைக்கப்பட்ட கூடு அது. லயத்துக்குப் பொருந்துவது இதுவே எனத் தோன்றுகின்றது. அடுப்பு எதுவாயினும் ஆகுக. கூட்டைக் கழற்றி எடுத்துச் செல்லவும் முடியும்.

செய்முறை கடினமானதன்று. கூரைத்தகரம் போன்ற மெல்லிய இரும்புத் தகட்டை, அடுப்பைக் காட்டிலும் ஒவ்வொரு பக்கமும் ஆறங்குலம் அகன்ற அடிவாயுடைய கூம்பாக மடித்து, ஆணியால் இணைக்கவேண்டும். சுவர்ப்பக்கமும் இரு பக்கவாட்டும் அடைபட்டு, சமைப்பவர் நிற்கும் முன்பக்கம் மாத்திரம் திறந்திருத்தல் அவசியம். நான்கு பக்கமும் திறந்த கூடு காற்றடித்தாற் பயனற்றது. கூட்டின் விளிம்பு தலையில் இடிபடாத உயரத்திலே, எனினும் இயன்றவரை தாழவே இருக்கவேண்டும். குழாய் ஒடுங்கியிருத்தலாகாது. மூன்றங்குலப் பீலிக்குழாய் ஒன்றைச் செருகிவிட்டுப் புகை ஏறவில்லையே என்று நோவதிற் பயனில்லை. ஒன்பது அங்குலத்துக்குக் குறையாத வாய் வேண்டும். குழாய் கூரைமுகட்டுக்கு மேலே உயர்ந்து நிற்றல் வேண்டும். அப்புத்தளையில் இவ்விதி பிறவிடங்களினும் முக்கியமானது. முகட்டுக்குத் தாழ்ந்த குழாயின் வாயிற் கச்சான் மேலிருந்து அழுத்தி, புகையை அடுப்படிக்கே திருப்பிவிடும். மரக் கைமரங்களுக்கும் குழாய்க்குமிடையே ஆறங்குல இடைவெளி விடவேண்டும். குழாயைச் சுற்றிய தகட்டின் மேல்விளிம்பு மேற்றகரத்தின் அடியிலும், கீழ்விளிம்பு கீழ்த்தகரத்தின் மேலுமாக அமையின் மழைநீர் வழிந்தோடும். மாறிச் செருகினால் மார்கழி மழை முழுவதும் சோற்றுப் பானையில் விழும்.

ஓர் எச்சரிக்கை. சில லயங்களின் கூரை கல்நார்த் தகடாகும். அதனை அறுத்தலும் துளைத்தலும் ஆகாது. அதன் தூசி புகையினும் கொடியது. அங்கே குழாயைச் சுவர்வழி வெளியே எடுத்து மேலேற்றுவதே வழி. மற்றொன்று, புகைக்கு வழிவிட்டால் வெப்பமும் உடன் போகும் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. தை மாத இரவிலே பிள்ளைகள் சுற்றியிருந்து குளிர்காய்வதும் அந்த அடுப்பிலேதான். சேறு தடித்துப் பூசிய அடுப்பு தீ அணைந்த பின்னரும் சில மணிநேரம் சூட்டை வைத்திருக்கும் என்பது ஓரளவு ஈடாகும். குளிருக்கென்று கரிச்சட்டியை அடைத்த அறைக்குள் வைத்துறங்குதல் மாத்திரம் ஒருபோதும் கூடாது. காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை; உறக்கத்திலேயே உயிரைக் கவரும்.

கூரையிலிடும் துவாரம் புகைக்கு மாத்திரமன்றி ஒளிக்கும் உதவும். சாளரமற்ற காம்பராவிற் பகலிலும் விளக்கு வேண்டியுள்ளது. பிரேசிலைச் சேர்ந்த அல்பிரெடோ மோசர் என்னும் தொழிலாளி 2002இல் கண்ட உபாயம், 2011இன் பின்னர் பிலிப்பைன்சிலிருந்து உலகெங்கும் பரவியது. பிளாஸ்டிக் போத்தலில் தெளிந்த நீரும், பாசி பிடியாதிருக்க இரு மூடி வெளுப்புத் திரவமும் இட்டு, பாதி வெளியிலும் பாதி உள்ளிலுமாகத் தகரத்திற் பொருத்தினால், நல்ல வெயிலில் நாற்பது வாற்று மின்குமிழுக்கு ஒப்பான ஒளி சிதறும். மூடுபனி நாளில் அதன் பயன் குறையும். வசதியிருப்பின் ஒரு தகரத்தைக் கழற்றி ஒளி புகும் தகடொன்றை இடுதல் இன்னும் எளிது.

இரவு விளக்கைப் பற்றிச் சொல்லும்போது நினைக்கத்தக்கவர் விஜய கொடகும்புர. குப்பி விளக்குக் கவிழ்ந்து தீக்காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திர வைத்தியர் அவர். குட்டையான, கனத்த, இரு பக்கம் தட்டையான கண்ணாடிப் போத்தலுக்குத் திருகுமூடி அமைத்து, சாய்ந்தாலும் உருளாத, எண்ணெய் சிந்தாத விளக்கைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உருவாக்கினார். 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்ற அக்கண்டுபிடிப்பில் விளங்காத நுட்பம் எதுவுமில்லை. விழும் பொருள் விழாதிருக்க என் செய்யலாம் என ஒருவர் நின்று யோசித்தார், அவ்வளவே.

இன்று பெரும்பாலான லயங்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது. இங்கேதான் சொந்தக் கைவேலைக்கு எல்லை கட்டவேண்டும். ஒரு காம்பராவின் இணைப்பிலிருந்து அடுத்த காம்பராவுக்கு மெல்லிய கம்பியை இழுத்தல், காப்பு நைந்த கம்பியைத் தகரத்தின் மேலே கிடத்தல் ஆகியவற்றால் லய வரிசைகள் முழுவதும் எரிந்த செய்திகளைப் பத்திரிகைகள் அடிக்கடி தருகின்றன. மின்கசிவிற் சுற்றைத் துண்டிக்கும் ஆளி ஒவ்வொரு காம்பராவிலும் இருத்தல் வேண்டும். அதைப் பொருத்துபவர் தேர்ந்த மின்வினைஞராக இருத்தல் வேண்டும்.

மின்சாரம் இம்மலைக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோட்டத் துரைமார் ஓடைகளை மறித்து நீர்ச்சில்லுகளாற் தொழிற்சாலைகளை ஓட்டினர்; லயங்களிலோ குப்பி விளக்கு. ஓடையின் ஆற்றலைக் கணிக்க ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும். இருபது லீற்றர் வாளி இரண்டு செக்கனில் நிரம்பினால் செக்கனுக்குப் பத்து லீற்றர். அது இருபது மீற்றர் வீழ்ந்தால் கொள்கையளவில் ஏறத்தாழ இரண்டு கிலோவாற்று. உள்ளூரிற் செய்த சில்லின் இழப்புகளைக் கழித்தால் ஒன்று. இருபது குடும்பங்களுக்குத் தலா ஐம்பது வாற்று. தொண்ணூறுகளிலிருந்து இலங்கையின் கிராமங்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றில் மக்கள் சங்கங்கள் இவ்வாறு மின்சாரம் ஆக்கின. அணையும் கால்வாயும் வெட்டியவர் அக்கிராமத்தவரே. அதே கைகள் தோட்டத்திலும் உண்டு. கான் வெட்டுவதிலும் கல்லடுக்குவதிலும் அவற்றை வெல்ல எவருமிலர். தோட்டத்து ஓடை மாத்திரம் அவர்களுடையதாக இருக்கவில்லை.

கான் என்றதும் மீரியபெத்தையை நினையாதிருத்தல் இயலாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, அப்புத்தளைக்குக் கிழக்கே கொஸ்லந்தைப் பகுதியிலுள்ள அந்தத் தோட்டத்தின் லயங்களை மலை மூடியது. அப்பெருஞ்சரிவுக்கும் தனியொருவரின் கைவேலைக்கும் தொடர்பில்லை. இடம்பெயர வேண்டுமென்ற எச்சரிக்கை முன்னரே இருந்தது, பெயர்வதற்கு இடமே இருக்கவில்லை. ஆயினும் குசினிக்காகப் பின்மேட்டைச் செங்குத்தாக வெட்டுவோரும், வெட்டிய மண்ணைக் கானிலே தள்ளுவோரும் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். சரிவிலே வீடு கட்டும் கலையின் முதற்பாடம் நீரை வெளியேற்றுவது. மேட்டிலே புதிதாக வெடிப்புக் கண்டாலும், ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலும், மரங்களோ வேலிக்கால்களோ சாய்ந்தாலும் எவருடைய உத்தரவுக்கும் காத்திராது அகலுதலே தகும்.

அண்மைய ஆண்டுகளில் ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடுகள் எழத் தொடங்கியுள்ளன. இந்திய உதவியுடன் கட்டப்படுவன 550 சதுர அடி. உறுதிப்பத்திரம் எல்லார் கைக்கும் வந்துவிட்டதாகச் சொல்லுவதற்கில்லை. எனினும் அவ்வீடுகளின் பின்னாலே, பழைய லயத்துத் தகரங்களைக் கொண்டுவந்து விறகுக் குசினி ஒன்றை மக்களே இறக்கிக்கொள்வதைக் காணலாம். திட்டம் வரைந்தோர் எரிவாயுவை எண்ணி வரைந்த சமையலறை கழுவித் துடைத்தபடி கிடக்க, சமையல் நடப்பது தகரக் குசினியிலே. 2022இல் எரிவாயுவுக்காகக் கொழும்பிலே வீதி நீளம் வரிசை நின்றபோது, நகரத்தாரும் விறகடுப்பைத் தேடியமை நினைவிருக்கலாம். அவ்வாண்டில் அந்தத் தகரக் குசினியை எவரும் நகைத்திருக்கமாட்டார்.

அதனைக் கட்டுவோர் வீட்டுச் சுவரிலிருந்து ஆறடி தள்ளிக் கட்டுதல் நன்று. வாயிலைத் தென்மேற்கே வைக்கலாகாது. கச்சான் வரும் அப்பக்கத்துக்குக் கல்லாலோ மண்கட்டியாலோ முழுச்சுவர் எழுப்பி, எதிர்ப்பக்கத்திற் கூரைக்கும் சுவருக்குமிடையே ஒரு முழம் திறந்து விட்டால், காற்றே புகையை இழுத்துக்கொண்டு போகும். இப்பொழுது கூரையிலே துவாரமிட எவரிடமும் கேட்கவேண்டியதில்லையாகையால், புகைக்கூட்டின் குழாயையும் முகட்டுக்கு மேலே இரண்டடி உயர்த்தி, கம்பியால் மூன்று பக்கமும் இழுத்துக் கட்டிவிடலாம்.